சிப்பி குடிக்கும் தண்ணீர்

எங்கள் மாடி வீட்டுக்காரர் கோடைக்குச் சியாட்டிலில் மகன் வீட்டுக்குப் போய் வந்தார். மலை, ஏரி, மகன் வாங்கிய வீடு எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு ஒரு சந்தேகத்தை எடுத்துப் போட்டார். அந்தப் பக்கம் ஹூட் கால்வாய் என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் கால்வாய், உண்மையில் கடல் நிலத்துக்குள் நீளமாகப் புகுந்து கிடக்கும் இடம். அதன் கரையில் ஓரிடத்தில், இங்கே சிப்பி எடுக்கக் கூடாது என்று சுகாதாரத் துறையின் பலகை.

"தண்ணி அவ்வளவு தெளிவு சார். கணுக்கால் ஆழத்துல கிடக்கிற கூழாங்கல்லை ஒண்ணொண்ணா எண்ணலாம். கூவம் பாலத்தைத் தினமும் தாண்டி ஆபீஸ் போனவன் நான். என்கிட்டயே இதைச் சுத்தமில்லைங்கிறான். எதை வெச்சு சொல்றான்?"

டீ சூடாக இருந்தது, நேரமும் இருந்தது. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில், தெளிவுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. டைஃபாய்டு கிருமி மிதக்கும் தண்ணீரும் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். இரண்டாவது, அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கப் போவதில்லை, சிப்பி குடிக்கிறது. அங்குள்ளவர்கள் விரும்பித் தின்பது ஆளி என்று நம் தூத்துக்குடிப் பக்கம் சொல்லும் சிப்பி. ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால் ஆயுளுக்கும் அங்கேதான். ஓட்டைக் கொஞ்சம் திறந்து, மணிக்குச் சில லிட்டர் கடல்நீரைச் செவுள் வழியாக இழுத்து வெளியே தள்ளும். தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியைச் செவுள் பிடித்து வாய்க்கு அனுப்பும். பாசியோடு கிருமி வந்தால் அதையும் பிடித்து உள்ளே சேர்க்கும். தண்ணீரில் அரிதாக இருந்தது சிப்பியின் வயிற்றில் குவிந்துவிடும்.

மீனை வாங்கினால் குடலை எடுத்து எறிந்துவிட்டுத்தான் சட்டியில் போடுகிறோம். இந்தச் சிப்பியைக் குடலும் அதற்குள் இருப்பதும் சேர, உயிரோடு, பச்சையாக, எலுமிச்சை பிழிந்து அப்படியே விழுங்குவார்கள். நம் கடற்கரையில் அவித்தோ வறுத்தோ தின்பதால் நமக்கு இந்தப் பயம் பெரிதாக உறைப்பதில்லை. பச்சையாகத் தின்னும் ஊருக்கு அடுப்பு தரும் பாதுகாப்பு கிடையாது. சமையலறையில் நடக்காத சுத்தம் கடலிலேயே நடந்தாக வேண்டும்.

இதைப் பாடமாகப் படிக்கப் பல உயிர்கள் போயின. 1902 நவம்பரில் இங்கிலாந்தில் வின்செஸ்டரிலும் சவுத்தாம்ப்டனிலும் நகர மேயர்கள் விருந்து வைத்தார்கள். இரண்டு இடத்திலும் எம்ஸ்வொர்த் என்ற ஊரின் சிப்பி பரிமாறப்பட்டது. சாப்பிட்டவர்களில் பலர் டைஃபாய்டில் படுத்தார்கள்; வின்செஸ்டர் தேவாலயத்தின் தலைமைக் குருவும் இறந்தார். எம்ஸ்வொர்த்தில் ஊர்ச் சாக்கடையைக் கொண்டுபோய்ச் சிப்பி கிடந்த கரையிலேயே விட்டிருந்தார்கள். அத்தோடு அந்த ஊரின் சிப்பித் தொழில் படுத்துவிட்டது.

அமெரிக்காவுக்கு இதே அடி 1924 கடைசியில் விழுந்தது. சிகாகோ, நியூயார்க், வாஷிங்டன் என்று ஒன்றுக்கொன்று தொலைவான நகரங்களில் ஒரே காலத்தில் டைஃபாய்டு. ஏறத்தாழ 1,500 பேர் படுத்தார்கள், 150 பேர் இறந்தார்கள். தடம் பிடித்துப் போனபோது நியூயார்க் அருகே லாங் ஐலண்டின் வெஸ்ட் சேவில் பகுதியிலிருந்து போன சிப்பிகளில் முடிந்தது. நாடு முழுக்கச் சிப்பி விற்பனை சரிந்தது. வியாபாரிகளே அரசிடம் ஓடிவந்து, ஏதாவது கட்டுப்பாடு கொண்டுவாருங்கள் என்றார்கள். 1925 பிப்ரவரியில் அரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஹியூ கம்மிங் மாநில அதிகாரிகளையும் தொழில்காரர்களையும் கூட்டி உட்கார வைத்தார். இன்றைக்கு அமெரிக்கச் சிப்பி நீர்நிலைகளைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் அந்தக் கூட்டத்தில் பிறந்ததுதான்.

மாடி வீட்டுக்காரர் இங்கே குறுக்கிட்டார். "சரி சார், டைஃபாய்டுதான் பிரச்சினைன்னா தண்ணியில அந்தக் கிருமியையே தேடிப் பார்த்துடலாமே?"

தேடலாம், கிடைக்காது. டைஃபாய்டு கிருமி எல்லார் வயிற்றிலும் இருப்பதில்லை. நோயாளி ஒருவர் கழிப்பறைக்குப் போன அன்று அது தண்ணீரில் இருக்கும், மறுநாள் இருக்காது. விரிகுடாவில் பத்து இடத்தில் பாட்டில் முக்கி எடுத்து, கிருமி இல்லை என்று சொன்னால் அதற்கு அர்த்தமே கிடையாது. தேடவேண்டிய கிருமியும் ஒன்றா இரண்டா? அதனால் நோய்க்கிருமியை விட்டுவிட்டு, மலம் கலந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். மலையில் புகை கண்டால் அங்கே நெருப்பு உண்டு என்று ஊகிப்பது நம் தர்க்க நூல்களின் பழைய உதாரணம். அந்த முறைதான் இது. இங்கே புகை என்பது மனிதன், மாடு, நாய், பறவை என்று வெப்ப ரத்தப் பிராணிகளின் குடலில் கோடிக்கணக்கில் வாழும் சாதாரணக் கோலிஃபார்ம் பாக்டீரியாக்கள். பெரும்பாலும் யாருக்கும் தீங்கு செய்யாதவை. அவை கடலில் தென்பட்டால் ஏதோ குடலிலிருந்து ஏதோ வழியாக இங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள். குடலுக்கு வழி இருந்தால் நோய்க்கும் வழி இருக்கிறது.

இதை எண்ணும் விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. படகில் போய், குறித்த இடத்தில் பாட்டிலைத் தண்ணீருக்குள் முக்கி நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே பதினைந்து சோதனைக்குழாய்கள், ஐந்தைந்தாக மூன்று வரிசை. எல்லாவற்றிலும் பாக்டீரியா தின்று வளர ஏற்ற சத்துக் கரைசல். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் விரல் நுனியளவு சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்று தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கும். முதல் வரிசைக் குழாய்களில் தலைக்கு 10 மில்லி கடல்நீர், இரண்டாவதில் 1 மில்லி, மூன்றாவதில் 0.1 மில்லி. முதல் மூன்று மணி நேரம் 35 டிகிரி சூட்டில் வைத்து, கிருமி கண் விழிக்க விடுகிறார்கள். பிறகு 44.5 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் இருபத்தொரு மணி நேரம். கடலிலும் மண்ணிலும் வாழ்ந்து பழகிய மற்ற ஜாதிகளில் பெரும்பாலானவை அந்தச் சூட்டில் ஒடுங்கிவிடும். குடலின் கதகதப்பில் வளர்ந்தவை தாக்குப்பிடிக்கும். அவை கரைசலைத் தின்று வாயு விடும். கவிழ்ந்து கிடக்கும் குட்டிக் குழாயின் உச்சியில் அந்த வாயு குமிழியாகத் தேங்கி நிற்கும்.

மறுநாள் காலையில் வேலை, எத்தனை குழாயில் குமிழி என்று பார்ப்பதுதான். முதல் வரிசையில் நான்கில் குமிழி, மற்ற இரண்டு வரிசையிலும் ஒன்றுமில்லை என்றால் அட்டவணை 13 என்று சொல்லும். அதோடு இரண்டாவது வரிசையில் ஒரே ஒரு குழாயில் குமிழி வந்துவிட்டால் 17. நூறு மில்லி தண்ணீரில் இத்தனை கோலிஃபார்ம் இருக்கக்கூடும் என்ற மதிப்பீடு இது. நேரடியாக எண்ணிய எண்ணிக்கை அல்ல. 13, 17 என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. சிப்பி எடுக்க அனுமதிக்கும் நீருக்கு அமெரிக்கா வைத்திருக்கும் வரம்பு அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது: நூறு மில்லிக்கு 14.

இந்த 14 எவ்வளவு கறாரானது என்பதை நம் ஊர்க் கணக்கில் சொன்னால் புரியும். ஆற்றில் இறங்கிக் குளிக்கும் நீருக்கு நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விரும்பத்தக்க அளவாக வைத்திருப்பது 500. அதிகபட்சம் 2,500 வரை போகலாம். அங்கே 14. பழைய நாளில் மண்ணில் வாழும் கோலிஃபார்மையும் சேர்த்து எண்ணி 70 என்று வைத்திருந்தார்கள். அதற்கு ஈடாக வந்ததுதான் இந்த 14. அந்த 70க்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். ஒரே ஒரு மனிதனின் மலம் 80 லட்சம் கன அடி சுத்தமான தண்ணீரில் கரைந்தால் என்ன அளவு வருமோ அது. லிட்டரில் சொன்னால் 22 கோடிக்கு மேல். ஒரு வீட்டின் கழிப்பறை ஒழுகினாலே கடலின் பெரிய துண்டு ஒன்று கெட்டுப்போகும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஒரு நாள் 17 வந்ததும் பலகை நட்டுவிடுவார்களா என்றால் இல்லை. தண்ணீரின் குணம் மணிக்கு மணி மாறுவது. அதனால் ஓரிடத்தில் எடுத்த கடைசி முப்பது மாதிரிகளைச் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். அதிலும் சாதாரணச் சராசரி உதவாது. ஒரு மழைநாளின் ஆயிரத்துச் சொச்சம் மற்ற இருபத்தொன்பது நல்ல நாட்களையும் விழுங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் படித்து மறந்த பெருக்குச் சராசரியை எடுத்து அது 14ஐத் தாண்டக் கூடாது என்கிறார்கள். அதனால் கெட்ட நாட்கள் ஒளிந்துகொள்ளக் கூடாதே என்று இன்னொரு பூட்டும் போட்டிருக்கிறார்கள்: பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாதிரிகள் 43ஐத் தாண்டக் கூடாது. என்னைக் கேட்டால் இரண்டாவது பூட்டுத்தான் முக்கியம். வயிற்றுக்குள் போகும் சிப்பி சராசரி நாளில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஐரோப்பா வேறு வழியில் போகிறது. தண்ணீரை விட்டுச் சிப்பியின் சதையை அரைத்து, அந்தக் குடல் கோலிஃபார்ம்களில் ஒன்றான ஈ.கோலை அதில் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். நூறு கிராமுக்கு 230க்குள் இருந்தால் ஏ வகுப்பு, நேராகத் தட்டுக்குப் போகலாம். 4,600 வரை பி. சுத்தமான நீர்த் தொட்டியில் கிடத்திக் கழுவிய பிறகே விற்பனை. 46,000 வரை சி. நல்ல கடலுக்கு மாற்றி இரண்டு மாதமாவது வளர விட வேண்டும், இல்லையென்றால் வேகவைத்து விற்க வேண்டும். தின்னப்போவதையே சோதிப்பது நேர்மையாகத் தெரிகிறது. ஆனால் கடுங்குளிரில் சிப்பி வாயை மூடிக்கொண்டு தண்ணீர் இழுப்பதையே நிறுத்திவிடும். வெளியே சாக்கடை ஓடினாலும் உள்ளே சதை சுத்தமாகத் தெரியும்.

எந்த முறையாக இருந்தாலும் பாட்டில் மட்டும் போதாது என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். அதனால் கரையோரமாகவே நடக்கிறார்கள். எந்த வீட்டுக் குழாய் எங்கே வந்து திறக்கிறது, எந்த ஓடையில் மாடு இறங்குகிறது, படகுத்துறையில் கழிப்பறைக் கழிவை எங்கே கொட்டுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் படத்தில் குறிக்கிறார்கள். ஒரு வீட்டின் செப்டிக் டேங்க் மேல் சந்தேகம் வந்தால் கழிப்பறையில் பளிச்சென்ற பச்சைச் சாயத்தை ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். சில நாளில் கரைமண்ணில் பச்சையாகக் கசிந்தால் வழக்கு முடிந்தது. வீட்டுக்காரர் வாய் திறக்க முடியாது.

மழைக்கு மட்டும் தனிச் சட்டம். சியாட்டிலும் ஹூட் கால்வாயும் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தின் வடக்கே சாமிஷ் விரிகுடா என்று ஒன்று உண்டு. சிப்பிக்குப் பேர்போன இடம். அதில் வந்து விழும் சாமிஷ் ஆறு பண்ணை நிலங்களின் நடுவே ஓடிவருகிறது. மழை பெய்தால் மேய்ச்சல் நிலத்துச் சாணமும், ஒழுகும் செப்டிக் டேங்குகளின் கழிவும், காட்டுப் பிராணிகளின் எச்சமும் சேர்ந்து கடலுக்கு வந்துவிடும். 2011இல் அந்த விரிகுடாவில் சுமார் 4,000 ஏக்கரை நிபந்தனைக்குட்பட்ட பகுதி என்று தரம் இறக்கினார்கள். அதாவது ஆறு அழுக்கைக் கொண்டுவரும்போது தானாக மூடல், சில நாள் கழிந்து தெளிந்ததும் திறப்பு. வேறு சில விரிகுடாக்களில் 24 மணி நேரத்தில் ஒரு அங்குலம் மழை பதிவானால் யாரும் தண்ணீரைச் சோதிக்கும் வரை காத்திருப்பதில்லை. மழைமானி சொன்னதே போதும்.

சாக்கடைக் குழாய் உடைந்து ஊற்றிவிட்டால் மூடல் நீளும், குறைந்தது 21 நாள். பாக்டீரியாவைச் சிப்பி இரண்டு நாளில் பெரும்பாலும் கழித்துவிடும். சாக்கடையோடு வரும் நோரோவைரஸ் என்ற வாந்திபேதி வைரஸ் அப்படிப் போகாது. சிப்பியின் உணவுப் பாதையில் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் இருக்கும். புகை அடங்கிய பிறகும் கனல் இருக்கிறது. கோலிஃபார்ம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அந்த நாட்களில் திறந்துவிட முடியாது.

"அப்போ ஊரே இல்லாத இடத்துல, மாடும் இல்ல, டேங்கும் இல்லைன்னா, தைரியமா சாப்பிடலாம்னு சொல்லுங்க," என்றார் மாடி வீட்டுக்காரர்.

இந்த இடத்துக்காகத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது டீ வந்தது.

1950இல் ஜப்பானின் ஒசாகாவில் ஷிராசு என்ற பாதி உலர்ந்த மத்திக் குஞ்சைத் தின்று 272 பேர் நோயில் விழுந்து, 20 பேர் இறந்தார்கள். சுனேசபுரோ ஃபுஜினோ என்ற ஆய்வாளர் அதிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா இன்று விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் எனப்படுகிறது. காலராக் கிருமியின் பங்காளி. தின்ற ஒரு நாளுக்குள் வயிற்றுப்போக்கு, முறுக்கு வலி, வாந்தி. பெரும்பாலோர் மூன்று நாளில் எழுந்துவிடுவார்கள். அதன் இன்னொரு பங்காளி விப்ரியோ வல்னிஃபிகஸ் அவ்வளவு இரக்கம் காட்டாது. ஈரல் கெட்டவர்களின் ரத்தத்தில் அது புகுந்துவிட்டால் ஓரிரு நாளில் உயிரே போகும்.

இந்தக் கிருமிகள் யார் கழிவறையிலிருந்தும் வரவில்லை. கடல்தான் அவற்றின் சொந்த ஊர். உப்பும் கதகதப்பும் கலந்த கழிமுகத் தண்ணீர் என்றால் இன்னும் இஷ்டம். குளிர்காலத்தில் அடிச்சேற்றில் ஒடுங்கிக் கிடந்து, தண்ணீர் சூடேறியதும் மேலே வந்து பெருகும். மனிதக் காலடியே படாத விரிகுடாவிலும் இருக்கும். கோலிஃபார்ம் சோதனை பூஜ்யம் என்று சொல்லும் தண்ணீரில் விப்ரியோ நிறைந்து கிடக்கலாம். புகையே இல்லாத நெருப்பு. 1925இலிருந்து கட்டி எழுப்பிய காவல் முழுவதும் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் விப்ரியோவை நேரடியாக எண்ணலாமே என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஒரு கிராம் சிப்பியில் 10,000க்குள் இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவும் வைத்தார்கள். 1997 கோடையில் கலிஃபோர்னியாவிலிருந்து கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வரை பசிபிக் கரையில் 209 பேருக்கு நோய் உறுதியானது, ஒருவர் இறந்தார். பிரிட்டிஷ் கொலம்பியாச் சிப்பியைச் சோதித்தால் கிராமுக்கு 200கூட இல்லை! காரணம், விப்ரியோக்களில் பெரும்பாலானவை சாதுக்கள். நச்சுப் புரதம் செய்யும் மரபணு உள்ள சிறுபான்மைதான் ஆளைச் சாய்க்கிறது. மொத்தத் தலையை எண்ணினால் அதில் திருடன் எத்தனை என்று தெரியாது. அதிலும் 1996இல் கொல்கத்தாவில் தலையெடுத்த ஒரு வகை கில்லாடி. இரண்டே ஆண்டில் தென்கிழக்காசியா, ஜப்பான் எல்லாம் கடந்து அமெரிக்கா போய்விட்டது. 1998இல் டெக்ஸஸின் கால்வெஸ்டன் விரிகுடாச் சிப்பியைத் தின்ற 416 பேர் நோய்வாய்ப்பட்டதற்கு அதுதான் காரணம்.

எண்ணிக்கை கைவிட்டதால் பார்வை தெர்மாமீட்டர் பக்கம் திரும்பியது. இதற்கு அலாஸ்கா நல்ல சாட்சி. 2004 ஜூலையில் அங்கே பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் உல்லாசக் கப்பலில் வந்தவர்கள் உள்ளூர்ச் சிப்பியைத் தின்று வாந்தியெடுத்தார்கள். விசாரித்து முடித்தபோது கணக்கு 62. பனிமலை அடிவாரத்தில் விப்ரியோவா என்று யாரும் நம்பவில்லை. அதுவரை இந்த நோய் தந்த சிப்பிகள் கிடைத்த வடகோடி இடத்தைவிட இது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. பண்ணையின் வெப்பப் பதிவைப் புரட்டிப் பார்த்தார்கள். நோய் தந்த சிப்பிகள் எல்லாமே தண்ணீர் சராசரியாக 15 டிகிரியைத் தாண்டிய நாட்களில் எடுத்தவை. அந்தக் கோடையின் ஜூலை, ஆகஸ்டில்தான் முதல்முறையாகத் தண்ணீர் அந்த 15க்குக் கீழே இறங்கவே இல்லை.

ஹூட் கால்வாயில் இன்னொரு சங்கடம். அங்கே சிப்பிகள் கரையிலேயே கிடக்கின்றன. கடல் வற்றினால் வெளியே வந்துவிடும். கோடையில் அந்தப் பகுதியில் கடல் மிகவும் வற்றுவது பெரும்பாலும் நடுப்பகலை ஒட்டி. தண்ணீர் பதினெட்டு டிகிரி இருந்தால் என்ன, இருபது இருந்தால் என்ன, ஓட்டின் மேல் மணிக்கணக்கில் வெயில் அடித்தால் உள்ளே சதை அதைவிட வெகுவாகச் சூடேறிவிடும். சிப்பி வாயை இறுக மூடிக்கொண்டு கிடக்கும். உள்ளே விப்ரியோ பெருகும். இப்படி வெயிலில் கிடந்த சிப்பிகளில் விப்ரியோ நான்கு முதல் எட்டு மடங்கு வரை ஏறியதை அந்த மாநிலத்திலேயே அளந்திருக்கிறார்கள். ராத்திரி ஓதம் ஏறி மூடிவிட்டால் சிப்பி மறுபடி தண்ணீர் இழுத்து, காலையில் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. ஆகவே ஒரே கரை, ஒரே நாள், ஒரே சிப்பி. பகல் மூன்று மணிக்கு எடுத்தால் ஒன்று, விடியற்காலையில் எடுத்தால் வேறு. 2021 ஜூன் கடைசியில் அந்தக் கரையை வெப்ப அலை வாட்டியபோது நடுப்பகல் வற்றும் சேர்ந்துகொண்டது. கரையில் கிடந்த சிப்பியும் மட்டியும் ஓட்டுக்குள்ளேயே வெந்தன. அடுத்து வந்த ஜூலையில் விப்ரியோ நோயாளிகளின் எண்ணிக்கை அதுவரை எந்த ஜூலையிலும் காணாத உயரத்துக்குப் போனது.

எடுத்த பிறகும் ஓட்டம் நிற்பதில்லை. 26 டிகிரியில் வைத்த உயிருள்ள சிப்பியில் பத்து மணி நேரத்தில் விப்ரியோ 50 மடங்கும், ஒரு நாளில் 790 மடங்கும் பெருகியது என்கிறது ஓர் ஆய்வு. ஃப்ரிட்ஜ் குளிரில் பெருக்கம் நின்று மெல்லக் குறையவும் தொடங்குகிறது. ஆகவே வாஷிங்டன் மாநிலத்தில் மே முதல் செப்டம்பர் வரை சிப்பிக்காரர் கையில் கடிகாரமும் தெர்மாமீட்டரும் இருந்தாக வேண்டும். வற்றில் சிப்பி வெளியே தெரியத் தொடங்கிய நேரத்திலிருந்து கணக்கு. காற்று எவ்வளவு சூடு, தண்ணீர் எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து இத்தனை மணி நேரத்துக்குள் சதையின் சூட்டை 10 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. சூடு எல்லை தாண்டினால் அன்றைக்கு எடுக்கவே கூடாது. தண்ணீர்ப் பாட்டிலைவிட ஐஸ் மூட்டைக்கு இங்கே மரியாதை அதிகம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

கலிஃபோர்னியா இன்னும் முரட்டு வழியில் போனது. மெக்சிகோ வளைகுடாவின் பச்சைச் சிப்பியை, கிருமி குறைக்கும் பக்குவம் செய்யாமல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை விற்கக் கூடாது என்று 2003இல் தடை போட்டது. அதுவரை ஆண்டுதோறும் வல்னிஃபிகஸுக்குச் சிலரைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த மாநிலத்தில் அந்தச் சாவுகள் ஏறத்தாழ நின்றுபோயின.

வேகவைத்தால் விப்ரியோ, டைஃபாய்டு எல்லாம் செத்துவிடும். ஓடு திறந்த பிறகும் மூன்று முதல் ஐந்து நிமிடம் கொதிக்க விட வேண்டும். ஆனால் பலகை எல்லாம் பாக்டீரியாவுக்காக வைப்பதல்ல என்பதையும் மாடி வீட்டுக்காரருக்குச் சொன்னேன். சில நுண்பாசிகள் செய்யும் நரம்பு நச்சு சிப்பியில் சேர்ந்துவிட்டால் எத்தனை கொதி கொதித்தாலும் போகாது. அதைத் தனியே சோதிக்கிறார்கள், அதற்கும் கரை மூடப்படும். கரைக்குப் போகுமுன் மாநிலச் சுகாதாரத் துறையின் வரைபடத்தைப் பார்க்கச் சொல்லி மகனுக்குத் தகவல் போனது.

இத்தனை காவலையும் தாண்டி யாராவது படுக்கத்தான் செய்கிறார்கள். அப்போது கைகொடுப்பது மூட்டையில் கட்டிய ஒரு சீட்டு. எந்த விரிகுடா, எந்த நாள், யார் எடுத்தது என்று எழுதி ஒவ்வொரு மூட்டையிலும் கட்டியிருக்க வேண்டும். மூட்டை காலியான பிறகும் உணவகம் அதை 90 நாள் வைத்திருக்க வேண்டும். ஹெபடைடிஸ் ஏ போன்ற மஞ்சள் காமாலை தலைகாட்டவே 50 நாள் வரை ஆகலாம். அதற்குப் பிறகு மருத்துவர், பரிசோதனை, விசாரணை. நோயாளியின் மலத்தில் விப்ரியோ என்று முடிவு வந்ததும் சுகாதாரத் துறை ஆள் கேட்கும் முதல் கேள்விகள், எங்கே தின்றீர்கள், எந்தத் தேதி. சீட்டைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஒரே விரிகுடாவின் பெயர் குறுகிய காலத்தில் இரண்டு மூன்று முறை வந்துவிட்டால் அதை மூடி, சந்தையில் இருக்கும் சரக்கையும் திரும்ப அழைக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், சிப்பிக் கடையில் பன்னிரண்டு சிப்பி அடுக்கிய தட்டு என்று கேட்பதுதான் அங்கே வழக்கம். ருசி பார்க்கட்டும் என்று மூன்று நான்கு விரிகுடாக்களின் சிப்பியைக் கலந்து வைப்பார்கள். தின்றவர் படுத்தால் சீட்டும் நான்கு இருக்கும். அவர் வயிற்றைக் கெடுத்தது அவற்றில் எது என்று அந்த ஒரு நோயாளியை வைத்துச் சொல்லவே முடியாது.